காவல்

‘காவல்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பயிருக்குக் காவல், வீட்டுக்குக் காவல், ஊருக்குக் காவல் என்று சொல்லும்போது அதில் அக்கறை தொனிக்கிறது. இரவெல்லாம் கண் விழித்திருக்கும் ஒருவனுடைய நல்ல மனம் தெரிகிறது. ‘அவனைக் காவலில் வைத்துவிட்டார்கள்’ என்று சொன்னாலோ மனம் திடுக்கிடுகிறது. சொல் ஒன்றுதான். ஒன்றைக் கெடாமல் பாதுகாப்பதும், ஒருவனை வெளியே விடாமல் அடைத்து வைப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. இரண்டிலும் ஒரு பூட்டு உண்டு. ஒரு சாவி உண்டு. சாவியை வைத்துக்கொண்டு, ‘நான் என் கடமையைச் செய்கிறேன்’ என்று சொல்லும் ஒரு மனிதனும் உண்டு.

அப்படியானால் கடமையைச் செய்கிறவர்கள் எல்லாரும் ஒன்றுதானா? விசுவாசம் என்பது தன்னளவிலேயே ஓர் அறமா? அல்லது யாருக்காக, எதற்காக, யாருடைய செலவில் என்றெல்லாம் கேட்ட பிறகுதான் அதை அறம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா?

இந்தக் கேள்வியை வெறும் தர்க்கமாக வைத்துப் பேசினால் முடிவில்லாமல் பேசிக்கொண்டே போகலாம். ஓர் இடத்தையும் சில மனிதர்களையும் முன்னால் வைத்துப் பார்ப்பது நல்லது. அதற்கு மிகவும் பொருத்தமான ஓர் இடம் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. டன்னாட்டர் கோட்டை என்று அதற்குப் பெயர்.

ஸ்டோன்ஹேவன் என்ற துறைமுக ஊருக்குத் தெற்கே சுமார் 2 மைல் தூரத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு பெரும் பாறை. சுமார் 160 அடி உயரம். மூன்று பக்கமும் கடல். நிலத்தோடு அதைச் சேர்ப்பது ஒரு குறுகிய மண்திட்டுத்தான். கூழாங்கற்களைச் சாந்தில் போட்டுப் பிசைந்து இறுகவிட்டது போன்ற பாறை. அதன் தலையில் மூன்றரை ஏக்கர் அளவுக்குச் சமதளம். அந்தச் சமதளத்தில்தான் இன்று கூரையில்லாத சுவர்களும், பாதி இடிந்த கோபுரமும், வெறும் ஜன்னல் துளைகளும் நிற்கின்றன.

இயற்கையே கோட்டையாகக் கட்டிவைத்த இடத்தை மனிதன் சும்மா விடுவானா? 681-இலும் 694-இலும் அங்கே முற்றுகை நடந்ததாக அயர்லாந்து நாட்டுப் பழைய ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. 900-ஆம் ஆண்டு வாக்கில் டொனால்டு என்ற அரசன் அங்கே வெட்டுண்டு இறந்தான். 1297-இல் விடுதலை வீரன் வாலஸ் அங்கிருந்த மாதா கோயிலுக்குள் ஒளிந்த ஆங்கிலேயப் படையினர் 4,000 பேரைத் தீ வைத்துக் கொன்றான் என்று ஒரு கதை உண்டு. சம்பவம் நடந்து ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்துப் பாடிய ஒரு பாணன் சொன்ன கணக்கு அது. அந்தப் பாறையில் அவ்வளவு பேர் நிற்க இடம் இருந்ததா என்று அவன் அளந்து பார்த்திருக்கமாட்டான். ஆனாலும் அந்தக் கணக்கைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கோட்டைகளைப் பற்றி மனிதர்கள் பெருமையோடு சொல்லுவதில் பாதி இப்படிப்பட்டதுதான்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கீத் என்ற பிரபு குடும்பத்தின் கைக்கு அந்தப் பாறை வந்தது. வில்லியம் கீத் அங்கே கோபுர வீட்டைக் கட்டினார். கோயிலுக்கு உரிய புனித நிலத்தில் கட்டிவிட்டார் என்று அவரைச் சபையிலிருந்து விலக்கினார்கள். அவர் போப்பாண்டவருக்கு எழுதி, 1395-இல் அந்த விலக்கை நீக்கிக்கொண்டார். கீத் குடும்பத்தாருக்கு ஒரு பரம்பரைப் பதவி உண்டு. ஸ்காட்லாந்தின் மார்ஷல் பிரபு என்று பெயர். அரசச் சின்னங்களைக் காப்பது அந்தப் பதவிக்கு உரிய கடமைகளில் ஒன்று. ஆகவே காவல் என்பது அவர்களுக்குத் தொழில். அதற்காகவே பாறையும் மதிலும்.

இனி மூன்று சம்பவங்களைச் சொல்லுகிறேன். மூன்றும் நாற்பதே ஆண்டுகளுக்குள் அந்த ஒரே கோட்டையில் நடந்தவை.

1638-இல் ஸ்காட்லாந்து மக்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். தங்கள் மத வழிபாட்டில் அரசன் தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். பிரபுக்களும் பாதிரிமார்களும் ஏழைக் குடியானவர்களும் கையெழுத்திட்டார்கள். பிறகு போர் வந்தது. 1645-இல் அரசன் பக்கத்துத் தளபதி மாண்ட்ரோஸ் படையோடு ஸ்டோன்ஹேவன் பக்கம் வந்தபோது, அப்போதைய மார்ஷல் பிரபு உடன்படிக்கையின் பக்கம் இருந்தார். பதினாறு பாதிரிமார்கள் அவருடைய கோட்டையில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். கதவைத் திறக்கும்படி மாண்ட்ரோஸ் கேட்டும் அவர் திறக்கவில்லை. தஞ்சம் என்று வந்தவர்களைக் கைவிடவில்லை. எவ்வளவு உயர்ந்த காரியம்!

மாண்ட்ரோஸ் என்ன செய்தான்? கோட்டையை அவனால் தொட முடியவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த பிரபுவின் குடிகளுடைய வீடுகளையும், களஞ்சியங்களையும், ஸ்டோன்ஹேவன் ஊரையும் கொளுத்தினான். பிரபு மதில் மேல் நின்று அந்தப் புகையைப் பார்த்து மனம் கலங்கினாராம். பக்கத்தில் நின்ற பாதிரியார் ஒருவர், அந்தப் புகை ஆண்டவனுக்கு நறுமணத் தூபமாக ஏறும் என்று ஆறுதல் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. வீடு எரிந்தவன் பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பாதிரியாருக்கு அப்படிச் சொல்ல நா எழுந்திருக்குமா?

இரண்டாவது சம்பவத்துக்கு வருவோம். 1649-இல் இங்கிலாந்தின் அரசன் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். இங்கிலாந்தின் பழைய அரச நகைகளை உருக்கினார்கள். அவனுடைய மகன் இரண்டாம் சார்லஸுக்கு ஸ்காட்லாந்து மக்கள் 1651 ஜனவரி 1-ஆம் தேதி ஸ்கூன் என்ற இடத்தில் முடி சூட்டினார்கள். சும்மா சூட்டவில்லை. ‘உங்கள் உடன்படிக்கையை நான் ஏற்றுக்கொள்கிறேன்; அதைக் காப்பேன்’ என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சூட்டினார்கள். இந்தச் சத்தியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சில மாதங்களில் கிராம்வெல்லின் படை நாட்டைப் பிடித்துக்கொண்டது. சார்லஸ் அயல்நாட்டுக்கு ஓடினான். மார்ஷல் பிரபு சிறைப்பட்டு லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார். கிரீடம், செங்கோல், உடைவாள் மூன்றும் டன்னாட்டர் கோட்டைக்குள் இருந்தன. ஓகில்வி என்ற தளகர்த்தர் மிகச் சிறிய படையோடு காவல் இருந்தார். 1651 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகை 1652 மே 24-ஆம் தேதி வரை நீடித்தது. கடைசியில் பெரிய பீரங்கிகள் வந்தபோது பத்து நாள் தாக்குதலுக்குப் பிறகு கோட்டை பணிந்தது. ஆங்கிலேயர் உள்ளே ஓடிவந்து தேடினார்கள். கிரீடம் இல்லை.

அது 6, 7 மைலுக்குத் தெற்கே, கின்னெஃப் என்ற சின்னக் கிராமத்து மாதா கோயிலின் தரைக்குக் கீழே கிடந்தது. கொண்டுபோனவர் அந்தக் கோயில் பாதிரியாரின் மனைவி கிறிஸ்டியன் பிளெட்சர். கிரீடத்தை ஆடைக்குள் மறைத்து, வாளையும் செங்கோலையும் நூல் நூற்கும் நார்க்கட்டுக்குள் சுற்றி, எதிரிப் பாசறையின் ஊடாகவே நடந்து வந்தார் என்று ஒரு கதை. கடல் பக்கத்துச் சுவரிலிருந்து கயிற்றில் இறக்க, கடற்பாசி பொறுக்குவது போல நின்ற ஒரு வேலைக்காரி கூடையில் வாங்கிக்கொண்டாள் என்று மற்றொரு கதை. எப்படியானால் என்ன? பாறையும் மதிலும் பீரங்கியும் காக்க முடியாததை ஒரு பெண்ணின் துணிமூட்டையோ கூடையோ காத்தது.

அவருடைய கணவர் ஜேம்ஸ் கிரெய்ஞ்ஜர் செய்த ஒரு காரியம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 1652 மார்ச் 31-ஆம் தேதி மார்ஷல் பிரபுவின் குடும்பத்துச் சீமாட்டிக்கு அவர் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிரசங்க மேடைக்கு முன்னால் எந்தக் கல்லுக்கு அடியில் கிரீடமும் செங்கோலும் இருக்கின்றன, கோயிலின் மேற்குக் கோடியில் பெஞ்சுகளுக்கு நடுவே எங்கே வாள் புதைந்திருக்கிறது என்பதையெல்லாம் அதில் சொன்னார். தாம் இறந்துவிட்டால் பொருள் மண்ணோடு மண்ணாகிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. அந்தச் சீட்டு பகைவர் கையில் கிடைத்தால் தம் தலை போகும் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனால் அடைக்கலப் பொருளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டாத காவல் காவல் இல்லை, அது கைப்பற்றல்.

எட்டு ஆண்டுகள் அந்தத் தம்பதிகள் வாயைத் திறக்கவில்லை. ஈரம் தாக்கிக் கெட்டுப்போகாமல் இருக்க, இரவில் இரகசியமாகத் தோண்டி எடுத்து, நெருப்பில் காட்டி உலர்த்தி, திரும்பவும் புதைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் ஜனங்கள் வந்து அந்தக் கல்லின் மேலேயே நடந்து போயிருப்பார்கள். ஓகில்வியும் அவர் மனைவியும் சிறையில் கிடந்தார்கள். 1660-இல் மன்னன் திரும்பி வந்தான். கிரீடமும் வந்து சேர்ந்தது. காத்தது யார் என்ற புகழுக்குப் பெரிய குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டன. பிரபுவின் தம்பி, பிறகு தாமே ஒரு பிரபுவானார். ஓகில்விக்கு ஒரு பட்டம் கிடைத்தது. கிறிஸ்டியன் பிளெட்சருக்கு 2,000 மெர்க் நாணயம் என்று 1661-இல் பார்லிமெண்டு தீர்மானித்தது.

இதோடு கதையை முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது சம்பவம் முடிக்கவிடாது.

திரும்பி வந்த மன்னன் தன் சத்தியத்தை மறந்தான். 1662-இல் அந்த உடன்படிக்கையே சட்டவிரோதம் என்று ஆக்கப்பட்டது. அதை விடமாட்டோம் என்ற குடியானவர்கள் மலைகளிலும் வயல்வெளிகளிலும் கூடி வழிபட்டார்கள். அவர்களை வேட்டையாடினார்கள். 1685-இல் சார்லஸ் இறந்து அவன் தம்பி ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தபோது, ஒரு கலகத்துக்கு அஞ்சி, கைதிகளை எடின்பரோவிலிருந்து வடக்கே நடத்திக்கொண்டு போனார்கள். டன்னாட்டர் கோட்டைக்குத்தான். 167 பேர். அவர்களில் 122 பேர் ஆண்கள், 45 பேர் பெண்கள். மே 24-ஆம் தேதி அவர்களை ஒரே நிலவறைக்குள் தள்ளினார்கள். ஏறத்தாழ 50 அடி நீளம், 15 அடி அகலம். கணுக்கால் அளவு சேறு. உட்கார இடமில்லை. தண்ணீரைக்கூடக் காசு கொடுத்தால்தான் கொடுத்தார்கள்.

ஜூலை இறுதி வரை அந்தக் காவல் நீடித்தது. கைதிகளில் இருவருடைய மனைவிமார்கள் எடின்பரோ சென்று அரசாங்கச் சபையிடம் மனுக் கொடுத்த பிறகு கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். இருபத்தைந்து பேர் ஜன்னல் வழியாக வெளியேறி, செங்குத்தான பாறையில் தொற்றிக்கொண்டு தப்ப முயன்றார்கள். சிலர் விழுந்து இறந்தார்கள். பதினைந்து பேர் பிடிபட்டார்கள். அவர்களுடைய விரல்களுக்கு நடுவே திரியைக் கொளுத்தி வைத்தார்கள். ஐந்து பேர் நிலவறைக்குள்ளேயே இறந்தார்கள். முப்பத்தேழு பேர், கேட்ட பிரமாணத்தைச் செய்துவிட்டு வெளியே வந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பலில் சுமார் 70 பேர் விஷக்காய்ச்சலில் செத்தார்கள்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்வியை மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.

நிலவறைக் கதவில் நின்ற சிப்பாயும் விசுவாசிதான். அவனும் அரசனுடைய சோற்றைத் தின்று, அரசனுடைய கட்டளையை நிறைவேற்றினான். கிறிஸ்டியன் பிளெட்சர் அரசனுடைய கிரீடத்தைக் காத்தார்; சிப்பாய் அரசனுடைய கைதியைக் காத்தான். இருவரும் ஒரே அரச குடும்பத்துக்குத்தான் உழைத்தார்கள். வெறும் விசுவாசத்தை மட்டும் தராசில் போட்டால் இரண்டு தட்டும் சமமாகத்தான் நிற்கும். ஆகவே விசுவாசம் மட்டும் அறம் ஆகிவிடாது.

வேறு எதைப் போட்டால் தட்டு தாழும்? அந்த விசுவாசத்துக்கு விலை கொடுத்தது யார் என்பதைப் போட வேண்டும். பாதிரியாரின் மனைவி தம் உயிரையும் கணவரின் உயிரையும் எட்டு ஆண்டு ஈடு வைத்தார். அந்தக் கணவரும் அறிந்தே ஈடு வைத்தார். சிப்பாயின் விசுவாசத்துக்கு அந்த நிலவறையில் நின்றவர்கள் விலை கொடுத்தார்கள். அவனுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. தண்ணீர் விற்ற காசு வரவு. பிறர் விலை கொடுக்கும் விசுவாசத்தை நாம் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோல் நமக்குப் பிடித்தவர்களையும் விட்டுவைக்காது. 1645-இல் தஞ்சம் வந்தவர்களைக் கைவிடாத மார்ஷல் பிரபு நல்லவர். ஆனால் எரிந்தது குடிகளுடைய வீடுகள். அவர் கதவைத் திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தஞ்சம் கொடுத்த பிறகு திறப்பது துரோகம். ஆனால் அந்தப் புகையைக் கண்டு அவர் கலங்கினார் பாருங்கள், அந்தக் கலக்கத்தில்தான் அவருடைய அறம் இருக்கிறது. கலங்காதே என்று சொன்ன பாதிரியாரிடம் அது இல்லை. அந்த உடன்படிக்கைக்காரர்களும் வெறும் சாதுக்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே 1645-இல் பிலிப்ஹா போர்க்களத்தில் வென்றபோது, உயிர்ப்பிச்சை தருவதாகச் சொல்லிச் சரணடையச் செய்தவர்களைக் கொன்றுபோட்டார்கள். தம் மனச்சாட்சிக்குக் கேட்ட இடத்தைப் பிறர் மனச்சாட்சிக்கு அவர்கள் கொடுக்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்து நிலவறையில் கிடந்த ஏழைகளுக்கு அந்தப் பழி உரியதன்று. ஆனாலும் அது நடந்தது.

இங்கே இன்னும் கடினமான ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் பெண் கிரீடத்தைக் காத்துக் கொடுத்தது யாருக்காக? சத்தியத்தை மறந்த ஒரு மன்னனுக்காக. அவர் காத்த கிரீடத்தின் பெயரால்தானே 1685-இல் அந்த நிலவறைக் கதவு பூட்டப்பட்டது? அப்படியானால் அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டா?

இல்லை என்று உடனே சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அவசரப்படக் கூடாது. ‘நான் காக்க மட்டுமே செய்தேன், என்ன செய்தார்கள் என்பது என் பொறுப்பு இல்லை’ என்று உலகத்தில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நிலவறைச் சிப்பாயும் அதையேதான் சொல்லுவான். அந்தச் சமாதானத்தை அவனுக்கு மறுத்துவிட்டு இவருக்கு மட்டும் கொடுப்பது நியாயமா?

எனக்குத் தோன்றுவது இதுதான். 1651-இல் ஸ்கூனில் இரண்டு பொருள்கள் காவலுக்குக் கொடுக்கப்பட்டன. ஒன்று கிரீடம், மற்றொன்று சத்தியம். கிரீடம் கைமாறிக் கைமாறி ஓர் ஏழைக் குடும்பத்திடம் வந்தது. அவர்கள் அதைச் சிறு கீறலும் கூடாது என்று காத்தார்கள். சத்தியம் மன்னனிடம் இருந்தது. அதை அவன் காக்கவில்லை. தமக்குக் கொடுத்ததைக் காத்தவர்களிடம், அவன் காக்காததற்கு வழக்குத் தொடுக்க முடியாது. அதுமட்டும் இல்லை. கிரீடத்தை அவர்கள் மதித்தது அதன் பொன்னுக்காகவா? அந்தச் சத்தியத்தின் மேல் வைத்த கிரீடம் என்பதற்காகவும்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. சிப்பாய்க்கோ, தான் பூட்டி வைத்திருப்பது ஒரு மனித உயிர் என்பது கண்ணெதிரே தெரிந்தது. கிரீடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்காது. கைதி கேட்டான். கேட்ட பிறகும் கொடுக்காமல் நின்றதுதான் இரண்டு காவலுக்கும் உள்ள வித்தியாசம்.

யோசித்துப் பார்த்தால், நிலவறைக்குள் கிடந்தவர்களும் காவல்காரர்கள்தான். மன்னன் கைவிட்ட சத்தியத்தை அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கீழே போட்டுவிட்டால் வெளியே வரலாம். முப்பத்தேழு பேர் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்தச் சேற்றில் ஒரு நாள் நின்று பார்த்தவன் சொல்லட்டும்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1715-ஆம் ஆண்டுக் கலகத்தில் சேர்ந்து கடைசி மார்ஷல் பிரபு பட்டத்தையும் நிலத்தையும் இழந்தார். கோட்டையின் மரத்தையும் ஈயத்தையும் கழற்றி விற்றார்கள். 1925-இல் கௌட்ரே பிரபு அதை வாங்கினார். அவர் மனைவி பழுது பார்த்த பிறகுதான் சுவர்கள் மேலும் விழாமல் நின்றன. கிரீடமோ, 1707-இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடான பிறகு எடின்பரோ கோட்டையில் ஒரு பெட்டிக்குள் பூட்டப்பட்டது. பூட்டியவர்கள் மறந்தே போனார்கள். 1818-இல் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முதலியோர் அனுமதி பெற்றுக் கதவை உடைத்துப் பார்க்கும் வரை 111 ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. மண்ணுக்கடியில் எட்டு ஆண்டு இருந்தபோது அதை நினைத்து உறங்காதவர்கள் இருந்தார்கள். மரப் பெட்டியில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தபோது நினைப்பவர் இல்லை. பூட்டு வேறு, காவல் வேறு.

அதே ஸ்காட் இளைஞராக இருந்தபோது, 1793-ஆம் ஆண்டு வாக்கில், டன்னாட்டர் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். நிலவறைக் கைதிகளில் இறந்தவர்களுக்கு அங்கே ஒரு கல் நாட்டியிருக்கிறது. ராபர்ட் பேட்டர்சன் என்ற கிழவர் அந்தக் கல்லில் ஏறியிருந்த பாசியைச் சுரண்டி, மங்கிப்போன எழுத்துக்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் கல்தச்சர். வீடு வாசலை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் அந்த உடன்படிக்கைக்காரர்களுடைய கல்லறை எழுத்துக்களை உளியால் புதுப்பிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். 1816-இல் வெளிவந்த ஸ்காட்டின் நாவல் ஒன்று அவருடைய பட்டப்பெயரையே தலைப்பாகத் தாங்கி நிற்கிறது. அவரிடமும் இந்த அளவுகோலை நீட்டிப் பார்க்கலாம். ஊர் சுற்றிய தகப்பனுக்காக வீட்டில் இருந்த பெண்டாட்டி பிள்ளைகளும் கொஞ்சம் விலை கொடுத்திருப்பார்கள். முழுக்க முழுக்கத் தன் கையிலிருந்தே விலை கொடுக்கும் விசுவாசம் உலகத்தில் அரிதுதான்.

அரிது என்பதற்காக அளவுகோலை வளைத்துவிடக் கூடாது. அதிகாரத்தில் இருக்கிறவர்களும், அவர்களுக்குக் கீழே சாவிக்கொத்து வைத்திருக்கிறவர்களும் எல்லாக் காலத்திலும் காவல் என்ற சொல்லைத்தான் சொல்லுகிறார்கள். மதத்துக்குக் காவல், நாட்டுக்குக் காவல், ஒழுங்குக்குக் காவல் என்கிறார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அப்போது நாம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இந்தக் காவலுக்கு விலை கொடுப்பது யார்? நீங்கள் கணக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பீர்களா? கின்னெஃப் கிராமத்துப் பாதிரியார் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் பிரசங்க மேடைக்கு முன்னால் இருந்த அந்தக் கல்லை மறுபடியும் மூடினார்.